காகித அடுக்குப் பொம்மை: கட்டிங் மெஷினில் முதல் உருவம்

வாழ்த்து அட்டையிலோ பிறந்தநாள் தோரணத்திலோ ஒட்டியிருக்கும் காகிதப் பொம்மை ஒன்றைக் கையில் எடுத்துச் சாய்த்துப் பாருங்கள். முகத்துக்கு ஒரு தாள், முடிக்கு ஒரு தாள், ரிப்பனுக்கு அதற்கும் மேலே இன்னொன்று. எங்கேயும் வண்ணம் தீட்டியிருக்காது. தெரியும் நிறமெல்லாம் தாளின் நிறம். கத்தரிக்கோலும் பொறுமையும் இருந்தால் கையாலேயே செய்யலாம். கட்டிங் மெஷின் இருந்தால் அதே உருவத்தை இருபது பிரதி எடுக்கலாம், 5 மி.மீ. அகலக் கண்ணைப் பிசிறில்லாமல் வெட்டலாம். ஆனால் மெஷினுக்குத் தெரிந்தது வெட்டுவது மட்டும்தான். எந்தத் தாள் எதற்கு அடியில் போக வேண்டும், எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதை நாம்தான் முடிவு செய்து கொடுக்க வேண்டும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான்.

மெஷின் செய்யும் வேலை

வீட்டு உபயோக மெஷின்களில் கிரிகட், சில்லவெட் கேமியோ, பிரதர் ஸ்கேன்என்கட் ஆகிய மூன்றும் பரவலானவை. அடிப்படை ஒன்றே. பசைத்தன்மையுள்ள பிளாஸ்டிக் மேட்டில் தாளை ஒட்டி உள்ளே கொடுக்கிறோம். உருளைகள் மேட்டை முன்னும் பின்னும் நகர்த்துகின்றன, பிளேடு இடவலமாக ஓடுகிறது. இரண்டு அசைவும் சேர்ந்து வளைவாகிறது. வழக்கமான மேட் 12×12 அங்குலம். ஓரம் போக வெட்டக் கிடைப்பது ஏறத்தாழ 11.5 அங்குலம். ஏ4 தாள் ஒன்று தாராளமாக உட்காரும்.

பிளேடைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம் தானாகப் புரியும். காகிதத்துக்குப் பயன்படும் சாதாரண பிளேடை எந்த மோட்டாரும் திருப்புவதில்லை. அலுவலக நாற்காலியின் அடியில் இருக்கும் சக்கரம் போல, இழுத்த திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. அதன் கூர்முனை சுழலும் அச்சிலிருந்து சற்றே விலகியிருப்பதுதான் காரணம். நீண்ட வளைவில் இது அழகாக ஓடும். கூரான மூலையிலும் குட்டி வட்டத்திலும் திரும்ப இடம் போதாமல் தாளைக் கிள்ளி இழுத்துவிடும். அதனால் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டையில் 3 மி.மீ.க்குக் குறைந்த வட்டத்தையும் 1.5 மி.மீ.க்கு மெல்லிய பட்டையையும் நம்பி உருவம் வரையாதீர்கள். கண்ணிமை, புருவம், மூக்கு போன்றவற்றைப் பேனாவுக்கு விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

மறையும் ஓரம்தான் உயிர்

ஒரு படத்தைக் காகிதத் துண்டுகளாகப் பிரிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்ப்பது: முகம் முடிகிற கோட்டில் முடி தொடங்கும். இன்னொன்று, மேல்துண்டுக்கு அடியில் கீழ்த்துண்டு தொடர்வது: முடிக்கு அடியிலும் நெற்றி ஓடும்.

முதல் வழி கணினித் திரையில் கச்சிதமாகத் தெரியும், கையில் ஏமாற்றும். ஒட்டும்போது அரை மி.மீ. தள்ளிப்போனாலும் நெற்றிக்கும் முடிக்கும் நடுவில் அடித்தாள் எட்டிப் பார்க்கும். மறுபக்கம் இரண்டு துண்டும் மோதித் தூக்கிக்கொள்ளும். இரண்டாவது வழியில் 3 மி.மீ. கூடுதலாக உள்ளே விட்டிருந்தால் கை கொஞ்சம் நடுங்கினாலும் வெளியே தெரியாது. ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதால் இயல்பாகவே மேடுபள்ளமும் வரும். தொடங்குபவர்கள் இரண்டாவதை விட்டு விலகக் காரணமே இல்லை.

படத்தை மென்பொருளில் போட்டுத் தானாக ‘டிரேஸ்’ செய்தால், அதாவது படத்தின் விளிம்புகளை வெட்டுக்கோடுகளாக மாற்றச் சொன்னால், பெரும்பாலும் கிடைப்பது முதல் வகை. நிறம் நிறமாகப் பிரித்து, மேலே இருப்பதன் அளவுக்குக் கீழே ஓட்டை போட்டு வைத்திருக்கும். முகத்தில் இரண்டு கண் ஓட்டை, சட்டையில் பொத்தான் ஓட்டை. இவற்றை அடைக்க வேண்டும். கிரிகட்டின் மென்பொருளான டிசைன் ஸ்பேஸில் ‘கான்டூர்’ என்ற வசதி உள்ளே இருக்கும் கோடுகளை மறைத்துவிடும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் பாதையை (வெட்டுக்கோட்டை) பிரித்து உள்வட்டங்களை அழிக்கலாம்; ‘டிரேஸ் பிட்மேப்’ பெட்டியிலேயே அடுக்கடுக்காக வைக்கச் சொல்லும் ‘ஸ்டாக்’ தெரிவும் இருக்கிறது. ஓட்டை அடைத்தால் மட்டும் போதாது. கழுத்து, மணிக்கட்டு, கால் போன்ற முனைகளை 3 முதல் 5 மி.மீ. நீட்டியும் விட வேண்டும்.

ஒரு பெண்ணைப் பிரித்துப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு, இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டிய பள்ளிச் சிறுமி. உயரம் 15 செ.மீ.; அதில் தலை மட்டும் 5 செ.மீ. இப்படித் தலையைப் பெரிதாக வைப்பது அழகுக்காக மட்டும் இல்லை, முகத்தின் சிறு துண்டுகள் வெட்டக்கூடிய அளவில் கிடைக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

உங்களிடமிருந்து மிகத் தொலைவில் இருப்பது எது என்று கேட்டுக்கொண்டு பின்னாலிருந்து தொடங்குங்கள். முழு உருவத்தையும் 2.5 மி.மீ. பெரிதாக்கிய நிழல் துண்டு எல்லாவற்றுக்கும் அடியில். அதன்மேல் பின்முடி: மண்டையின் வட்டமும், காதுக்குப் பின்னால் தொங்கும் இரண்டு சடை வளையங்களும் ஒரே துண்டாக. பிறகு முகம், கழுத்து, காது மூன்றும் சேர்ந்த ஒரு துண்டு. அதன்மேல் முன்முடி, நடு வகிட்டோடு. முடி இப்படி முகத்துக்குப் பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றுமாக இரண்டாகப் பிரிகிறது பாருங்கள், மனித உருவத்தில் எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான். ஒரே துண்டாக வெட்டி முகத்தின்மேல் வைத்தால் தொப்பி மாட்டியதாகத் தெரியும்.

உடம்பில் வெள்ளைச் சட்டை முழுத்துண்டாக இருக்கட்டும், அதன் பெரும்பகுதி மறையப் போகிறது என்றாலும். அதன்மேல் நீலப் பினோஃபோர். கைகள் சட்டைக்கைக்கு அடியிலிருந்தும், கால்கள் பாவாடைக்கு அடியிலிருந்தும் வரும். காலின்மேல் வெள்ளைச் சாக்ஸ், அதன்மேல் கருப்பு ஷூ. காலர் கடைசியில், கழுத்தின்மேல் தனியாக. இரண்டு ரிப்பன் முடிச்சுகள் எல்லாவற்றுக்கும் முன்னால்.

கண்கள் 5 மி.மீ. அகல நீள்வட்டங்கள், வெள்ளை ஜெல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் உயிர் வந்துவிடும். பொட்டு 2 மி.மீ.தான் இருக்க வேண்டும், பிளேடு அதை வெட்டாது. கடையில் விற்கும் மிகச் சிறிய ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டிவிடுங்கள். இதைவிடச் சரியான வட்டத்தை எந்த மெஷினும் தராது.

கோப்பில் கவனிக்க வேண்டியவை

மெஷினுக்கு வேண்டியது எஸ்விஜி போன்ற கோட்டு வடிவக் கோப்பு. ஜேபெக், பிஎன்ஜி படங்களை டிரேஸ் செய்துதான் வெட்ட முடியும். சில்லவெட் மெஷினின் மென்பொருளான சில்லவெட் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பு வெளியிலிருந்து வாங்கும் எஸ்விஜியைத் திறக்காது. அதற்குக் கட்டணப் பதிப்பான டிசைனர் எடிஷன் வேண்டும். இலவசப் பதிப்பு டிஎக்ஸ்எஃப் என்ற இன்னொரு வகைக் கோட்டு வடிவக் கோப்பைத் திறக்கும், ஆனால் அதில் நிறங்கள் வராது, எந்தக் கோடு எந்தத் துண்டு என்று நீங்களே பிரித்துக்கொள்ள வேண்டும். ஸ்கேன்என்கட்டுக்கு உள்ளேயே ஸ்கேனர் இருப்பதால் தாளில் கருப்புப் பேனாவால் வரைந்த துண்டுகளையும் கணினி இல்லாமல் வெட்டலாம்.

கோப்பைத் திறந்ததும் முதல் வேலை உயரத்தைப் பார்ப்பது. சில மென்பொருள்கள் ஓர் அங்குலத்துக்கு 96 புள்ளி என்று கணக்கிடும், சில 72 என்று கணக்கிடும். 15 செ.மீ. சிறுமி 20 செ.மீ. ஆகவோ 11 செ.மீ. சொச்சமாகவோ வந்து நிற்பது இதனால்தான். எல்லாத் துண்டுகளையும் ஒருசேரத் தேர்ந்தெடுத்து, நீள அகல விகிதப் பூட்டைப் போட்டு, ஒரே தடவையில் சரிசெய்யுங்கள். ஒவ்வொன்றாக மாற்றினால் எதுவும் எதனோடும் சேராது.

அடுத்தது கோட்டின் தடிமன். திரையில் 2 மி.மீ. தடிமனாகத் தெரியும் சிரிப்புக் கோட்டை மெஷின் வெறும் ஒற்றைக் கோடாகத்தான் படிக்கும். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல் விழும். இங்க்ஸ்கேப்பில் ‘ஸ்ட்ரோக் டு பாத்’ கொடுத்தால்தான் அது இரண்டு விளிம்புள்ள உருவமாக மாறும். அல்லது அந்தக் கோட்டை வெட்டாமல் பேனாவுக்கு ஒதுக்குங்கள். வாய்க்கு அதுவே மேல். டிரேஸ் செய்த கோடுகளில், கோடு திரும்பும் இடங்களைக் குறிக்கும் புள்ளிகள் தேவையில்லாமல் நூற்றுக்கணக்கில் இருக்கும். மெஷின் ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கிப் போவதால் விளிம்பு ரம்பம் மாதிரி வரும். கன்ட்ரோல்+எல் அழுத்தினால் இங்க்ஸ்கேப் புள்ளிகளைக் குறைக்கும். இரண்டு தடவைக்கு மேல் அழுத்தினால் உருவமே மாறத் தொடங்கும்.

நிழல் துண்டுக்கு எல்லாவற்றையும் பிரதி எடுத்து, ‘யூனியன்’ அல்லது ‘வெல்டு’ கொடுத்து ஒன்றாக்கி, பிறகு ‘ஆஃப்செட்’ வைத்து விளிம்பை வெளியே தள்ளினால் போதும். சடைக்கும் கழுத்துக்கும் நடுவில் சிறு ஓட்டைகள் மிஞ்சும். 5 மி.மீ.க்குக் குறைந்தவற்றை மூடிவிடுங்கள், அடித்தாள் உறுதியாக இருக்கும்.

டிசைன் ஸ்பேஸில் மூன்று கட்டளைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதவர் அரிது. ‘குரூப்’ திரையில் நகர்த்த வசதிக்காக மட்டும். வெட்டப் போகும்போது துண்டுகள் நிறவாரியாகச் சிதறி இடத்தை மிச்சப்படுத்திக்கொண்டு உட்காரும். ‘அட்டாச்’ கொடுத்தால் திரையில் இருந்த இடைவெளியோடும் கோணத்தோடும் மேட்டில் வரும். மெஷினில் பேனா மாட்டி வரையும் கோடுகளை அந்தந்தத் துண்டோடு அட்டாச் செய்யாவிட்டால் சிரிப்பு வேறொரு தாளில் போய் விழும். ‘வெல்டு’ துண்டுகளையே உருக்கி ஒன்றாக்கிவிடும், நடுவில் இருந்த கோடு காணாமல் போகும். சேமித்து மூடிய பிறகு திரும்ப எடுக்க முடியாது.

தாள்

உடம்பு, முகம், முடிக்கு 180 முதல் 220 ஜிஎஸ்எம் கார்டுஸ்டாக் (தடித்த அட்டைத் தாள்). கண், காலர், ரிப்பன் போன்ற சிறு துண்டுகளுக்கு 120 முதல் 160 போதும். மெல்லிய தாளில் நுணுக்கம் நன்றாக வரும். வாங்கும்போது ஓரத்தைக் கொஞ்சம் கிழித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் மேற்பரப்பில் மட்டும் சாயம் ஏற்றிய தாள். கருப்பு முடியைச் சுற்றி மெல்லிய வெள்ளைக் கோடு தெரியும். உள்ளேயும் அதே நிறமானால் கவலை இல்லை. கடையில் சுருட்டித் தரும் சார்ட் பேப்பரையும் பயன்படுத்தலாம், ஆனால் சுருள் போகாமல் மேட்டில் வைத்தால் ஓரம் எழும்பி பிளேடில் மாட்டும். முந்தைய இரவே எதிர்ப்பக்கம் சுருட்டி, புத்தக அடுக்குக்கு அடியில் வைத்துவிடுங்கள். மினுக்குத் தாள் முதல் உருவத்துக்கு வேண்டாம், பிளேடின் கூர்மையை அது சீக்கிரம் தின்றுவிடும்.

இணையத்தில் வாங்கும் கோப்புகளில் முகம் வெளிர் பீச் நிறத்தில் இருப்பதைப் பார்த்து அதே தாளைத் தேட வேண்டியதில்லை. கோப்பின் நிறம் துண்டுகளைப் பிரித்துக் காட்டும் அடையாளம் மட்டும்தான். கிராஃப்ட் பழுப்பிலிருந்து சாக்லேட் பழுப்பு வரை எதை மேட்டில் வைக்கிறீர்களோ அதுதான் முகம். நிழல் துண்டின் நிறத்தில் மட்டும் யோசனை தேவை: கருப்பு முடிக்குக் கருப்பு அடித்தாள் போட்டால் சடை எங்கே முடிகிறது என்றே தெரியாது. வெள்ளை அல்லது இளமஞ்சள் அடித்தாள் சடையை எடுத்துக்காட்டும்.

வெட்டும்போது

முழு உருவத்தை அனுப்புவதற்கு முன் அதே தாளின் மூலையில் சோதனை வெட்டு. ஒரு சிறு சதுரம், உள்ளே முக்கோணம். முக்கோணம் சுத்தமாக எழும்பி வர வேண்டும். மேட்டில் லேசான கீறலுக்கு மேல் தெரியக்கூடாது. மேட் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தால் பிளேடு அதிகம் நீட்டியிருக்கிறது அல்லது அழுத்தம் கூடுதல். வெட்டு பாதியில் நின்றால் உடனே அழுத்தத்தை ஏற்றுவதைவிட, வேகத்தைக் குறைத்து இரண்டு சுற்று வெட்டச் சொல்லுங்கள். தடித்த அட்டைக்கு இதுதான் நல்லது.

மெஷின் ஓடி முடிந்ததும் மேட்டை வெளியே எடுக்கும் பொத்தானை உடனே அழுத்த வேண்டாம். மேட்டை அசைக்காமல் ஓர் ஓரத்துண்டை மட்டும் தூக்கிப் பாருங்கள். வெட்டு முழுதாக விழவில்லை என்றால் அப்படியே இன்னொரு சுற்று ஓடவிடலாம். ஒருதடவை வெளியே எடுத்துவிட்டால் பழைய கோட்டிலேயே பிளேடை மறுபடி ஓட்டுவது ஏறக்குறைய முடியாது.

துண்டுகளை எடுக்கும் முறை பலருக்குத் தலைகீழாகப் பழகியிருக்கிறது. தாளை மேட்டிலிருந்து உரித்தால் துண்டு சுருண்டுகொள்ளும், மெல்லிய இடம் கிழியும். மேட்டைக் கவிழ்த்து, தாளை மேசையோடு அழுத்திப் பிடித்து, மேட்டை வளைத்து உரியுங்கள். புது மேட்டில் பசை கடுமையாக இருக்கும். சுத்தமான பருத்தித் துணியை இரண்டு மூன்று தடவை ஒற்றி எடுத்தால் மட்டுப்படும். பழைய மேட்டில் பசை போய்விட்டால் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரம் கழுவும் சோப்பிலும் கழுவிக் காற்றில் உலர்த்துங்கள், ஓரளவு திரும்ப வரும்.

விளிம்பில் நார் நாராக வந்தால் மூன்று சந்தேகங்கள். பிளேடு மழுங்கியிருக்கலாம். பிளேடு உறையில் காகிதத் துணுக்கு அடைத்திருக்கலாம். அலுமினியத் தாளை உருண்டையாக்கி முனையைச் சில தடவை குத்தி எடுத்தால் அழுக்குப் போகும், ஆனால் மழுங்கிய பிளேடு அதனால் கூராகிவிடாது. மூன்றாவதை நம் ஊரில் மறக்கவே கூடாது: ஈரம். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் திறந்துவைத்த தாள் ஈரத்தை இழுத்துப் பதமாகிவிடும், பிளேடு வெட்டுவதற்குப் பதில் இழுத்துக்கொண்டு போகும். தாள்களை ஜிப் கவரில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மேட்டின் ஒரு மூலையில் மட்டும் வெட்டு சரியில்லை என்றால் இவை எதுவும் காரணம் இல்லை. அங்கே தாள் ஒட்டவில்லை. அந்த இடத்தில் கையால் தேய்த்து அழுத்தினாலே போதும்.

வெட்டிய உடனே ஒவ்வொரு துண்டின் பின்னாலும் பென்சிலால் அடுக்கு எண்ணும், இடமா வலமா என்பதும் எழுதுங்கள். இரண்டு ஷூவும் இரண்டு கையும் கண்ணாடிப் பிம்பங்கள். மேசையில் கலந்துவிட்டால் எது எது என்று புரியாது.

ஒட்டுவது

கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போக வேண்டாம். தலையைத் தனியாக முடியுங்கள்: பின்முடிமேல் முகம், அதன்மேல் முன்முடி, பிறகு கண். உடம்பைத் தனியாக முடியுங்கள். இரண்டையும் நிழல் துண்டின்மேல் பசையில்லாமல் வைத்துப் பார்த்து, கழுத்து சட்டைக்குள் போகும் அளவு திருப்தியான பிறகே ஒட்டுங்கள். தலையை ஓர் இம்மி சாய்த்தாலும் முகபாவம் மாறும். அந்தச் சுதந்திரம் கடைசிவரை கையில் இருக்கட்டும்.

இடம் பிடிக்க ஓர் எளிய வழி உண்டு. நிழல் துண்டை வெட்டிய பிறகு மிஞ்சும் ஓட்டைத் தாளைத் தூக்கி எறியாதீர்கள். அதற்குள் நிழல் துண்டை வைத்தால் நகராமல் நிற்கும்.

ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையில் நீர் இருப்பதால் மெல்லிய தாள் நெளியும். ஊசிமுனைப் புட்டியில் ஊற்றி, ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே தள்ளிக் குட்டிப் புள்ளிகளாக வைத்தால் நெளிவும் இல்லை, பிதுங்கலும் இல்லை. நகர்த்திச் சரிசெய்யச் சில விநாடிகளும் கிடைக்கும். இருபக்க டேப் அந்த அவகாசத்தைத் தராது, வைத்த இடம் வைத்ததுதான். ஒட்டி முடித்ததும் அரை மணி நேரம் தடித்த புத்தகத்துக்கு அடியில்.

மேடு வேண்டிய இடத்தில் 1 அல்லது 2 மி.மீ. ஃபோம் டேப். எல்லா அடுக்குக்கும் ஃபோம் போட்டால் எதுவுமே மேடாகத் தெரியாது. முன்முடி, ரிப்பன் இரண்டுக்கு மட்டும் போட்டு மற்றதைத் தட்டையாக விடுங்கள். 220 ஜிஎஸ்எம் அட்டை ஒன்று சுமார் கால் மி.மீ. கனம். தட்டையான ஆறு அடுக்கு ஒன்றரை மி.மீ.; அதன்மேல் இரண்டு அடுக்கு 2 மி.மீ. ஃபோம் சேர்ந்தால் ஐந்தரையைத் தொடும். உறையில் போட்டு அனுப்பும் அட்டைக்கு 1 மி.மீ. ஃபோம் ஒரே அடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிரபல கார்ட்டூன் உருவங்களை விற்பனைக்குச் செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும். வாங்கிய கோப்புகளிலும் சொந்த உபயோகம், வணிக உபயோகம் என்று உரிமம் தனித்தனியாக இருக்கும்.

அதே சிறுமியை 7.5 செ.மீ. ஆக்கி கிஃப்ட் டேகில் வைக்க நினைத்தால், கோப்பைப் பாதியாகச் சுருக்கி அப்படியே வெட்டிவிட முடியாது. கண் 2.5 மி.மீ. ஆகிவிடும், விட்டுவைத்த 3 மி.மீ. மறையும் ஓரம் 1.5 ஆகிவிடும். கண்ணையும் சாக்ஸையும் பேனாவுக்கும் வெள்ளை ஜெல்லுக்கும் மாற்றி, காலரைச் சட்டையோடு வெல்டு செய்து, கழுத்தையும் கைகளையும் மறுபடி 3 மி.மீ. நீட்டிவிட்டுப் பிறகு வெட்டுங்கள்.